கிளிமஞ்சாரோ ஏறணுமா? எல்லாரும் கேக்கற கேள்விகளும் நேரான பதில்களும்

கிளிமஞ்சாரோ போய்ட்டு வந்ததுல இருந்து ஃப்ரெண்ட்ஸ், கூட வேலை பாக்கறவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு நிறைய பேர் ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்டுட்டே இருக்காங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிக்க நேரம் இல்லன்னா இந்த ரெண்டை மட்டும் எடுத்துக்கோங்க: காசு மிச்சம்னு நாளைக் குறைக்காதீங்க, மூட்டை தூக்கறவங்க கூலியைக் குறைக்கற கம்பெனி கூட போகாதீங்க.

மலை எங்க இருக்கு, எவ்ளோ உயரம்?

டான்சானியாவோட வடகிழக்குல, கென்யா பார்டரை ஒட்டி. உச்சிக்குப் பேரு உஹுரு பீக், 5,895 மீட்டர், ஆப்பிரிக்காவுலயே உயரமான இடம். இமயமலை மாதிரி தொடர் கிடையாது, சமவெளில தனியா நிக்கற எரிமலை. அதனால மோஷி டவுன்ல நின்னு பாத்தா கிட்டத்தட்ட 5,000 மீட்டர் உயரத்துக்கு ஒரேடியா எழும்பி நிக்கும், பாத்தாலே வயித்தைக் கலக்கும். ஆனா விடிகாலைல பாத்துடணும், வெயில் ஏறினா மேகம் மூடிடும்.

மொத்தம் மூணு கூம்பு: கிபோ, மவென்சி, ஷிரா. ஷிரா எப்பவோ இடிஞ்சு பீடபூமி ஆயிடுச்சு, மவென்சி 5,149 மீட்டர், அது பாறை ஏறத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும். நாம ஏறறது கிபோ. அது தூங்கற எரிமலைதான், உச்சிப் பள்ளத்துக்குள்ள இன்னும் கந்தகப் புகை வந்துட்டு இருக்கு.

1889 அக்டோபர்ல ஹான்ஸ் மேயர், லுட்விக் புர்ட்ஷெல்லர்னு ரெண்டு பேர் முதல்ல உச்சிக்குப் போனதா பதிவு இருக்கு. அவங்க மட்டும் தனியா போகல, உள்ளூர் சாக்கா ஆளுங்க வழிகாட்டி, சுமை தூக்கித்தான் போனாங்க, அப்போ கூடப் போனவர்னு யோஹானி கின்யாலா லவுவோ பேரை இன்னைக்கும் அங்க மரியாதையா சொல்றாங்க. ஜெர்மன்காரங்க உச்சிக்கு அவங்க ராஜா பேரை வெச்சிருந்தாங்க, 1961ல சுதந்திரம் கிடைச்சப்பதான் அது உஹுரு ஆச்சு, சுதந்திரம்னு அர்த்தம். அந்த டிசம்பர் 9 ராத்திரி அலெக்சாண்டர் நியிரெண்டாங்கற ராணுவ அதிகாரி உச்சில கொடியும் தீபமும் ஏத்தினார்.

கயிறு, ஐஸ் கோடாரி எல்லாம் தெரியணுமா?

வேணாம். வழக்கமான ரூட் எல்லாமே நடைதான். கையை ஊனி ஏற வேண்டிய இடம்னா பரான்கோ சுவர் ஒண்ணு இருக்கு, ஏறக்குறைய 250 மீட்டர் உயரம், பாக்கறப்ப பயமா இருக்கும், ஏற ஆரம்பிச்சா ஒண்ணரை ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும், கைடு எந்தக் கல்லுல கால் வைக்கணும்னு சொல்லிட்டே வருவார். வெஸ்டர்ன் பிரீச்னு ஒரு வழி மட்டும் வேற ரகம், அங்க பாறை சரியற ஆபத்து நிஜமாவே இருக்கு, 2006 ஜனவரில மூணு பேர் அதுல இறந்தாங்க. முதல் தடவை போறவங்க அந்தப் பக்கமே யோசிக்க வேணாம்.

கைடு இல்லாம நானே போலாமா?

முடியாது. 1991ல இருந்து லைசென்ஸ் உள்ள கைடு கட்டாயம். கேட்டுல பேர், வயசு, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் எழுதிட்டுதான் உள்ள விடுவாங்க, ஒவ்வொரு கேம்ப்லயும் திரும்ப கையெழுத்து. உச்சிக்குப் போக 10 வயசாவது ஆகியிருக்கணும்.

எந்த ரூட் நல்லது?

இதுக்கு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, நான் நினைக்கறதைச் சொல்றேன்.

மராங்கு ரூட்தான் பழசு, இதுல மட்டும்தான் டென்ட்டுக்குப் பதிலா மரக் குடில் இருக்கு: மண்டாரா, ஹொரோம்போ, கிபோ ஹட். அஞ்சு நாள்ல முடிச்சிடலாம்னு விக்கறாங்க. அந்த அஞ்சு நாளே இதோட பிரச்சனை, உடம்பு உயரத்துக்குப் பழகறதுக்கு டைம் பத்தாது. மராங்குதான் போகணும்னா ஹொரோம்போல ஒரு நாள் கூடுதலா தங்கற ஆறு நாள் பேக்கேஜ் எடுங்க.

மச்சாமே ரூட்லதான் கூட்டம் ஜாஸ்தி. மழைக்காட்டுல ஆரம்பிச்சு ஷிரா பீடபூமி, லாவா டவர், பரான்கோ, கரங்கா, பராஃபுன்னு தெக்குப் பக்கமா சுத்திட்டுப் போகும், காட்சி அருமை. ஆறு நாளும் உண்டு, ஏழு நாளும் உண்டு, ஏழே எடுங்க.

லெமோஷோ மேக்குப் பக்கம் லோண்டோரோசி கேட்ல இருந்து தொடங்கும். முதல் ரெண்டு நாள் ஆள் நடமாட்டம் குறைவு, காடு அடர்த்தி, அப்புறம் மச்சாமே வழியோட சேர்ந்துக்கும். எட்டு நாள் லெமோஷோதான் என்னோட சாய்ஸ், யார் கேட்டாலும் முதல்ல இதைத்தான் சொல்வேன்.

ரொங்காய் வடக்குப் பக்கம், மழை குறைவா விழற பக்கம், மத்த ரூட் நனையற சீசன்ல இது தேவலாம். நார்தர்ன் சர்க்யூட் ஒன்பது நாள், மலையை வடக்கால கிட்டத்தட்ட முழு சுத்து சுத்தும், காசும் லீவும் இருந்தா இதைவிட நிம்மதியா பழகிட்டு ஏற வேற வழி இல்ல. உம்ப்வே செங்குத்து, அனுபவம் உள்ளவங்க மட்டும்.

ஆறு நாள்ல முடிக்கறவங்க இருக்காங்களே, நான் ஏன் எட்டு நாள் போகணும்?

உச்சில காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல பாதிதான், அப்போ ஒவ்வொரு மூச்சுலயும் உடம்புக்குள்ள போற ஆக்சிஜனும் கிட்டத்தட்ட பாதிதான். உடம்பு இதுக்குப் பழகும், நிஜமாவே பழகும், ஆனா அதுக்கு வேண்டிய நாளை நாம குடுக்கணும். ஜிம்முக்குப் போறவன், மாரத்தான் ஓடறவன்லாம் மலை நோய்ல படுத்துட்டு, அம்பது வயசு ஆண்ட்டி ஒருத்தங்க நிதானமா நடந்து உச்சிக்குப் போயிட்டு வர்றது இந்த மலைல சாதாரணம், ஏன்னா வேகமா ஏறறவங்களைத்தான் மலை நோய் முதல்ல பிடிக்கும், ஃபிட்னஸ் அதுக்குக் காப்பு இல்ல.

நம்ம தமிழ்நாட்டோட உயரமான இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். மச்சாமே ரூட்ல முதல் நாள் ராத்திரி தூங்கற கேம்பே 2,835 மீட்டர். அதாவது நம்மள்ல பெரும்பாலானவங்க வாழ்க்கைல போகாத உயரம் முதல் நாளே வந்துடுது, அதுக்கு மேல இன்னும் 3,000 மீட்டர் பாக்கி.

மேல ஏறிட்டு கீழ வந்து தூங்கணும், இதுதான் சூத்திரம். ஷிரா கேம்ப்ல இருந்து கிளம்பி மதியம் லாவா டவருக்குப் போவீங்க, சுமார் 4,600 மீட்டர், தலை லேசா விண்ணுன்னு இருக்கும், அங்கயே சாப்பிட வைப்பாங்க, அப்புறம் ராத்திரிக்கு பரான்கோல, 4,000க்கும் கொஞ்சம் கம்மியான உயரத்துல இறக்கி படுக்க வைப்பாங்க. நாள் முழுக்க நடந்து காலைல இருந்த உயரத்துக்கே வந்துட்டோமேன்னு கடுப்பாகும். ஆனா அந்த நாள்தான் உங்களை உச்சிக்குக் கொண்டு போற நாள். கரங்காவுல ஒரு ராத்திரி தங்கறதும் அதுக்குத்தான், ஆறு நாள் பேக்கேஜ்ல வெட்டறது சரியா இந்த ராத்திரியைத்தான், பரான்கோல இருந்து ஒரே நாள்ல பராஃபு வரைக்கும் நடக்க வெச்சு அன்னைக்கு ராத்திரியே உச்சிக்கும் எழுப்பிடுவாங்க.

மொத்தம் எவ்ளோ செலவாகும்?

கம்பெனிக்குக் குடுக்கறது மட்டும் ஒரு ஆளுக்கு சுமார் 2,000ல இருந்து 3,000 டாலர், ரூட், நாள், க்ரூப் சைஸ் பொறுத்து மாறும். ஃப்ளைட், விசா, டிப்ஸ், இன்சூரன்ஸ் தனி.

இவ்ளோவான்னு கேப்பீங்க. சரி, கணக்கு போடுவோம். பார்க் கட்டணம் நாளைக்கு 70 டாலர், கேம்ப் போட ராத்திரிக்கு 50 டாலர், ரெஸ்க்யூவுக்கு ஒரு தடவை 20 டாலர், இதுக்கு மேல 18 சதவீதம் வரி. ஏழு நாள் மச்சாமேன்னா 490, ஆறு ராத்திரிக்கு 300, கூட 20, ஆக 810, வரியோட சேத்தா 950 டாலரைத் தாண்டிடும். இது கட்டணம் மாறாத வரைக்கும், புக் பண்றப்ப ஒருதடவை செக் பண்ணிக்கோங்க. இந்தக் காசு நேரா அரசாங்கத்துக்குப் போயிடும், எந்தக் கம்பெனியும் இதுல ஒரு டாலர்கூட குறைக்க முடியாது.

இப்போ ஒருத்தன் 1,200 டாலருக்கு ஏழு நாள் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றான்னு வைங்க. மிச்சம் 250. அதுல கைடு, சமையல்காரர், போர்ட்டர்ஸ் கூலி, ஏழு நாள் சாப்பாடு, வண்டி, டென்ட், அவனோட லாபம் எல்லாம் வரணும். எங்க இருந்து வரும்? போர்ட்டர் வயித்துல அடிச்சுத்தான் வரும். இதைப் புரிஞ்சுக்கிட்டா பேரம் பேச மனசு வராது.

போர்ட்டர்ஸ் பத்தி அடிக்கடி சொல்றீங்களே, அப்படி என்ன?

ரெண்டு பேர் போறீங்கன்னா உங்களுக்காக சுமார் பத்து பேர் மலை ஏறுவாங்க. கைடு, துணைக் கைடு, சமையல்காரர் போக மத்த எல்லாரும் போர்ட்டர்ஸ். உங்க டென்ட், மெத்தை, கேஸ் சிலிண்டர், முட்டை அட்டை, டேபிள், நாற்காலி எல்லாம் அவங்க தலைலயும் முதுகுலயும்தான் போகுது. நீங்க முதுகுல சின்ன பை மாட்டிக்கிட்டு மூச்சு வாங்கி நடந்து கேம்புக்கு வர்றப்ப, உங்களுக்கு அப்புறம் கிளம்பி உங்களைத் தாண்டிப் போனவங்க டென்ட் எல்லாம் போட்டு டீ போட்டு வெச்சிருப்பாங்க.

கேட்டுல ஒரு தராசு தொங்கும். ஒவ்வொரு மூட்டையையும் அதுல மாட்டி எடை பாக்கறாங்க, ஒரு ஆளுக்கு 20 கிலோ லிமிட். அங்க கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, முள் 20ஐத் தாண்டினதும் மூட்டையைப் பிரிச்சு ஒரு பை அரிசியையோ ஒரு தண்ணி கேனையோ எடுத்து வேற ஆள் மூட்டைல திணிப்பாங்க, ஆள் பத்தலன்னா அங்கயே வெளில வேலைக்குக் காத்துட்டு நிக்கற ஒருத்தரைக் கூப்பிடுவாங்க. அந்த வேலைக்காக காலைல இருந்து கேட்டுல நிக்கறவங்க அவ்ளோ பேர். அதனாலதான் உங்க டஃபிள் பேக் 15 கிலோவுக்குள்ள இருக்கணும்னு கம்பெனி சொல்றாங்க, ஏன்னா மீதில போர்ட்டரோட சொந்த சாமானும் கேம்ப் சாமானும் போகணும்.

பராஃபு கேம்ப்ல தண்ணியே கிடையாது. உச்சிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி நீங்க குடிக்கற சூப்பு, டீ, பாட்டில்ல நிரப்பற மூணு லிட்டர், எல்லாமே கரங்கா பள்ளத்தாக்குல இருந்து ஒருத்தர் சுமந்துட்டு வந்த தண்ணி. அங்க இருந்து மேல ஏற நமக்கு நாலு மணி நேரம் ஆகும், வெறும் கையோட. இதை நேர்ல பாத்ததுக்கு அப்புறம் தண்ணியைக் கீழ ஊத்த எனக்குக் கை வரல.

கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட்னு ஒரு அமைப்பு மோஷில இருக்கு. எந்தெந்தக் கம்பெனி போர்ட்டருக்கு சரியா கூலி, மூணு வேளை சாப்பாடு, ஒழுங்கான டென்ட் குடுக்கறாங்கன்னு கண்காணிச்சு லிஸ்ட் போடறாங்க. புக் பண்றதுக்கு முன்னாடி உங்க கம்பெனி அந்த லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க. போர்ட்டர்களுக்கு ஜாக்கெட், ஷூ எல்லாம் இலவசமா கடனுக்குக் குடுக்கறாங்க, ட்ரெக் முடிஞ்சு உங்களுக்கு இனி தேவைப்படாத நல்ல ஜாக்கெட், கிளவுஸ் இருந்தா அங்க குடுத்துட்டு வரலாம்.

டிப்ஸ் எவ்ளோ குடுக்கணும்? கட்டாயமா?

சட்டப்படி கட்டாயம் இல்ல, ஆனா குடுக்காம வரக்கூடாது, அவங்க வருமானத்துல பெரிய பங்கு இதான். வழக்கமா நாள் கணக்கு: தலைமைக் கைடுக்கு 20ல இருந்து 25 டாலர், துணைக் கைடுக்கு 15 சொச்சம், சமையல்காரருக்கு 12லருந்து 15, போர்ட்டருக்கு ஆறுல இருந்து பத்து. இது முழு க்ரூப்பும் சேர்ந்து குடுக்கறது, ஒவ்வொருத்தரும் தனித்தனியா இல்ல. ரெண்டே பேரா போனா பாரம் ஜாஸ்தி, எட்டு பேர்னா ஆளுக்குக் கம்மி. பட்ஜெட்ல ஆரம்பத்துலயே ஒதுக்கி வைங்க. மொத்தத்தையும் ஒருத்தர் கைல குடுத்துட்டு வராம, எல்லாரும் கூடி இருக்கறப்ப யாருக்கு எவ்ளோன்னு சத்தமா படிச்சு குடுங்க, முடிஞ்சா கவர்ல பேர் எழுதி ஆளாளுக்கு நேரா குடுங்க.

எந்த மாசம் போலாம்?

ஜனவரில இருந்து மார்ச் முதல் பாதி, இல்லன்னா ஜூன் கடைசில இருந்து அக்டோபர். மார்ச் நடுவுல ஆரம்பிச்சு மே வரைக்கும் பெருமழை, நவம்பர்ல சின்ன மழை. பௌர்ணமியை ஒட்டி உச்சிக்குப் போற மாதிரி தேதி வெச்சா நிலா வெளிச்சத்துல பாதை நல்லா தெரியும், கூட்டமும் அப்போ ஜாஸ்தி.

மலை நோய் வந்தா என்ன ஆகும்? டயமாக்ஸ் போடணுமா?

லேசா தலைவலி, பசியின்மை, குமட்டல், தூக்கம் வராதது, இதெல்லாம் 3,500க்கு மேல நிறைய பேருக்கு வரும், பயப்பட வேணாம், ஆனா மறைக்காதீங்க. கைடு காலையும் சாயங்காலமும் விரல்ல ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பாத்து, தலைவலி இருக்கா, சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு கேப்பார். திருப்பி அனுப்பிடுவாரோன்னு பயந்து பொய் சொல்றவங்க இருக்காங்க, அது உயிரோட விளையாடறது.

ஆபத்தானது ரெண்டு. ஒண்ணு மூளைல நீர் கோக்கறது: ஆள் தள்ளாடுவார், சம்பந்தம் இல்லாம பேசுவார், ஒரு குதிகாலுக்கு முன்னாடி இன்னொரு காலை வெச்சு நேர்கோட்டுல நடக்கச் சொன்னா முடியாது. இன்னொண்ணு நுரையீரல்ல நீர் கோக்கறது: சும்மா உக்காந்திருக்கறப்பவே மூச்சு வாங்கும், சளியோட இருமல், உதடு நீலமாகும். ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான், உடனே கீழ இறங்கறது, நடுராத்திரியா இருந்தாலும் சரி. காலைல பாத்துக்கலாம்னு சொல்ற பேச்சே கூடாது. ஒத்தைச் சக்கரம் வெச்ச ஸ்ட்ரெச்சர்ல கட்டி ஓட்டமா இறக்குவாங்க, சில இடத்துல இருந்து ஹெலிகாப்டர் வரும்.

டயமாக்ஸ்ங்கறது அசிட்டசோலமைடு, உடம்பு பழகறதை வேகப்படுத்தும். 125 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ரெண்டு வேளைன்னு டாக்டர்ஸ் வழக்கமா எழுதுவாங்க, ஏற ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள்ல இருந்து. சல்ஃபா மருந்து அலர்ஜி இருக்கறவங்க, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க கட்டாயம் டாக்டர்கிட்ட பேசணும், நீங்களா மெடிக்கல் ஷாப்ல வாங்கிப் போடாதீங்க. விரல் நுனி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், ராத்திரி ஒண்ணுக்கு அடிக்கடி வரும், சோடா குடிச்சா ருசியே மாறிப் போயிருக்கும். தூக்க மாத்திரை, சரக்கு ரெண்டும் மலைல வேணவே வேணாம்.

இன்னொண்ணு சொல்லணும், இது தெரியாம நிறைய பேர் பதறிடறாங்க. ராத்திரி டென்ட்ல பக்கத்துல படுத்திருக்கறவர் மூச்சு சில செகண்ட் நின்னுட்டு, அப்புறம் திடீர்னு பெருசா இழுத்து விடுவார், திரும்ப நிக்கும். உயரத்துல தூங்கறப்ப இது வர்றது சகஜம்.

உச்சிக்குப் போற ராத்திரி எப்படி இருக்கும்?

உண்மையைச் சொல்றேன், கஷ்டம். மத்த நாள் எல்லாம் நல்ல நடை, இந்த ஒரு ராத்திரி மட்டும் வேற. சாயங்காலம் அஞ்சு மணிக்கே சாப்பாடு குடுத்து படுக்கச் சொல்வாங்க, தூக்கம் வராது, பதினோரு மணிக்கு எழுப்பி டீயும் பிஸ்கட்டும் குடுத்து நடுராத்திரி வாக்குல கிளப்புவாங்க. குளிர் மைனஸ் 10ல இருந்து மைனஸ் 20 வரைக்கும் போகும், காத்தடிச்சா அதைவிட மோசமாத் தோணும். மேல அண்ணாந்து பாத்தா ஹெட்லேம்ப் வெளிச்சம் வரிசையா வளைஞ்சு வளைஞ்சு போயிட்டே இருக்கும், எது கடைசி லைட், எது நட்சத்திரம்னே தெரியாது. சாம்பல் மாதிரி சரியற சரளை மண், ஒரு அடி வெச்சா அரை அடி சறுக்கும்.

கைடு போலே போலேன்னு சொல்லிட்டே இருப்பார், மெதுவா மெதுவான்னு, அவர் வைக்கற வேகம் எரிச்சல் வர்ற அளவு மெதுவா இருக்கும், அதையே பிடிச்சுக்கோங்க. பாட்டிலைத் தலைகீழா வைங்க, தண்ணி மேல் பக்கத்துல இருந்துதான் உறையும், அப்போ மூடி பக்கம் உறையாம இருக்கும். ட்யூப் வெச்ச தண்ணிப் பை எல்லாம் ஒரு மணி நேரத்துல அடைச்சுக்கும். ஃபோன், கேமரா பேட்டரியை உடம்போட ஒட்டின பாக்கெட்ல வைங்க, வெளில வெச்சா 80 சதவீதம் காட்டிட்டு இருந்தது திடீர்னு அணைஞ்சிடும்.

ரொம்ப கஷ்டமான நேரம் மூணரைல இருந்து அஞ்சரை வரைக்கும். அந்த நேரத்துல திரும்பிடலாம்னு தோணாத ஆளே இருக்க மாட்டாங்க. அப்புறம் கிழக்குல மவென்சிக்குப் பின்னாடி ஆரஞ்சுக் கோடு ஒண்ணு விழும், அது விழுந்ததும் உடம்புல எங்கிருந்தோ தெம்பு வரும். பள்ளத்தோட விளிம்புல ஸ்டெல்லா பாயின்ட், மராங்கு பக்கமா வந்தா கில்மன்ஸ் பாயின்ட். ஸ்டெல்லால இருந்து உஹுரு இன்னும் முக்கா மணி, ஒரு மணி நேரம், ஏத்தம் லேசுதான், இடது பக்கம் ரெப்மன் பனிப்பாறை வெயில் பட்டு மின்னும். பலகை கிட்ட போட்டோவுக்கு வரிசை நிக்கும், பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல அங்க நிக்க விடமாட்டாங்க.

அன்னைக்கே கீழ இறங்கணுமா?

ஆமா, இதை யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல. உச்சில இருந்து பராஃபுக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்து சாப்பிட்டு, அன்னைக்கே ம்வேகா கேம்ப் வரைக்கும், 3,100 மீட்டருக்கு இறங்கணும். 1,200 மீட்டர் ஏறி 2,800 மீட்டர் இறங்கற நாள். முட்டி செத்துடும், கால் கட்டை விரல் நகம் ஷூவுல இடிச்சு கறுத்துடும். நகத்தை ஒட்ட வெட்டிட்டுப் போங்க, இறங்கறப்ப லேஸை இறுக்கிக் கட்டுங்க, ட்ரெக்கிங் போல், அதாவது ஊன்றுகோல், ரெண்டு வேணும்.

வெஜ் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமா. ஆப்பிரிக்கான்னதும் நம்மாளுங்க இதுக்குத்தான் ரொம்ப பயப்படறாங்க, ஆனா டான்சானியா சமையல்ல சப்பாத்தி, பிலாவ், சம்பூசா, பீன்ஸ் கறி, மசாலா டீ எல்லாம் அவங்க ஊர் சாப்பாடாவே ஆகி தலைமுறை ஆயிடுச்சு. காலைல கஞ்சி, முட்டை, பழம், மதியமும் ராத்திரியும் முதல்ல சூப்பு வரும். வெள்ளரிக்காய் சூப்புன்னு ஒண்ணு குடுப்பாங்க, கேக்க ஒரு மாதிரி இருக்கும், குடிச்சுப் பாருங்க. சோளமாவு உகாலியும் கேளுங்க, போர்ட்டர்ஸ் அதைத்தான் சாப்பிட்டு மலை ஏறறாங்க. முட்டையும் வேணாம், சுத்த சைவம்னா புக் பண்றப்பவே எழுத்துல சொல்லுங்க. ஊறுகாய் ஒரு சின்ன டப்பா, தேங்காய் பொடி, கடலை மிட்டாய் எடுத்துட்டுப் போங்க, 4,000க்கு மேல வாய்க்கு எதுவும் பிடிக்காதப்ப உறைப்பா ஏதாவது இருந்தாதான் ரெண்டு வாய் உள்ள போகும்.

டாய்லெட், குளியல், பீரியட்ஸ்?

கேம்ப்ல பொதுக் கழிப்பறை இருக்கு, குழி டைப், சுத்தம் எதிர்பாக்க வேணாம். கூடுதல் காசு குடுத்தா தனி டாய்லெட் டென்ட் கொண்டு வருவாங்க, பெண்கள் உள்ள க்ரூப்னா அதை எடுத்துக்கறது நல்லது, ஆனா அதையும் ஒருத்தர்தான் சுமக்கணும், கழுவணும், அவருக்கு டிப்ஸ் கொஞ்சம் கூட வைங்க. குளியல் கிடையாது, காலைல ஒரு சின்ன பேசின்ல வெந்நீர் குடுப்பாங்க, முகம் கை கழுவலாம். உயரத்துல பீரியட்ஸ் தேதி முன்னபின்ன ஆகலாம், தேதி இல்லன்னாலும் பேட் எடுத்துட்டுப் போங்க, பயன்படுத்தினதைக் கட்டிக் கீழ கொண்டு வர ஜிப் பை வேணும். வழில எதையும் போட்டுட்டு வராதீங்க, டிஷ்யூ பேப்பர்கூட.

என்னென்ன டிரஸ் வேணும்?

உச்சி நாளுக்கு உடம்பு மேல நாலு அடுக்கு: வேர்வை உறிஞ்சற உள்ளாடை, ஃப்ளீஸ், தடிமனான டவுன் ஜாக்கெட் (இறகு அடைச்சது), காத்து மழை புகாத வெளி ஜாக்கெட். காட்டன் வேணாம், நனைஞ்சா காயவே காயாது. கைக்கு உள்ள மெல்லிசு கிளவுஸ், மேல விரல் பிரியாத தடிமன் கிளவுஸ். மங்கி கேப். ஷூ ரெண்டு மாசமாவது போட்டுப் பழகினதா இருக்கணும். பூமத்திய ரேகைக்கு மூணு டிகிரிதான் தள்ளி இருக்கோம், குளிர்லயும் வெயில் தோலை உரிச்சிடும், சன்ஸ்கிரீன், கூலிங் கிளாஸ் ரெண்டும் கட்டாயம். டவுன் ஜாக்கெட், தூங்கற பை, ஊன்றுகோல் எல்லாம் மோஷில வாடகைக்குக் கிடைக்கும், எல்லாத்தையும் காசு போட்டு வாங்க வேணாம். ஷூ மட்டும் வாடகைக்கு எடுக்காதீங்க.

டான்சானியால 2019ல இருந்து பிளாஸ்டிக் கேரி பேக் தடை, மலைல ஒரு தடவை போட்டுத் தூக்கிப் போடற தண்ணி பாட்டிலும் கூடாது.

எப்படி ட்ரெயின் பண்ணணும்?

நாலு மாசம் முன்னாடி ஆரம்பிங்க. அபார்ட்மென்ட் படிக்கட்டுல ஏழெட்டு கிலோ பையோட ஏறி இறங்குங்க, வாரக் கடைசில அஞ்சாறு மணி நேரம் தொடர்ந்து நடங்க. இறங்கறதுக்கும் தொடை பழகணும், ட்ரெட்மில்ல அது வராது. உயரத்துக்கு மட்டும் ஊர்ல இருந்து ட்ரெயினிங் இல்ல, அதுக்குத்தான் கூடுதல் நாள்.

விசா, ஊசி, ஃப்ளைட், இன்சூரன்ஸ்?

விசா ஆன்லைன்ல, சாதாரண டூரிஸ்ட் விசா 50 டாலர். இறங்க வேண்டியது கிளிமஞ்சாரோ இன்டர்நேஷனல் ஏர்போர்ட், நம்ம ஊர்ல இருந்து அடிஸ் அபாபா, தோஹா, இல்ல நைரோபி வழியா மாறிப் போகணும். மஞ்சள் காய்ச்சல் ஊசி அவசியம் போட்டுக்கோங்க, எத்தியோப்பியா, கென்யா வழியா போய் வர்றப்ப ரெண்டு பக்கமும் கேக்க வாய்ப்பு இருக்கு. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க. போட்டு 10 நாள் கழிச்சுதான் சர்டிஃபிகேட் செல்லும், அதனால கடைசி வாரத்துக்கு வைக்காதீங்க. இன்சூரன்ஸ்ல 6,000 மீட்டர் வரைக்கும் ட்ரெக்கிங் கவர் ஆகுதான்னு பொடி எழுத்துல படிங்க, சாதாரண ட்ராவல் பாலிசில பெரும்பாலும் ஆகாது.

வழில மிருகம் எல்லாம் வருமா?

சிங்கம் யானைன்னு பயப்பட வேணாம். காட்டுக்குள்ள கருப்பு வெள்ளை கொலோபஸ் குரங்கு மரத்துல தாவறதைப் பாக்கலாம், கேம்ப்ல கழுத்துல வெள்ளைப் பட்டை போட்ட பெரிய காக்கா சாப்பாட்டைத் தூக்கிட்டுப் போகும். எனக்குப் பிடிச்சது செடிங்கதான். பரான்கோ பள்ளத்தாக்குல செனேசியோன்னு ஒரு மரம் ஆள் உயரத்துக்கு மேல நிக்கும், காஞ்ச இலை உதிராம தண்டைச் சுத்திப் போர்வையா ஒட்டிக்கிட்டு பனில இருந்து காப்பாத்தும், ராத்திரி ஆனா உச்சி இலை எல்லாம் குவிஞ்சு குருத்தை மூடிக்கும். பக்கத்துலயே லொபீலியா, அதோட இலை அடுக்குக்குள்ள தண்ணி தேங்கி நிக்கும், விடியறப்ப போய்ப் பாருங்க, தண்ணி மேல மெல்லிசா ஐஸ் மூடியிருக்கும், அடில குருத்து உறையாம இருக்கும். சூரியன் வந்து அரை மணில அந்த ஐஸ் போயிடும்.

பனி இன்னும் இருக்கா?

இருக்கு, ஆனா கொஞ்சம்தான். 1912ல இருந்ததுல 80 சதவீதத்துக்கு மேல போயிடுச்சு, மிச்சமும் இந்த நூற்றாண்டோட நடுவுல போயிடும்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அதை நேர்ல பாக்கறப்ப வயிறு எரியும்.

உச்சிக்குப் போக முடியாம திரும்பினா?

திரும்பினா திரும்பினதுதான், அதுல ஒரு கேவலமும் இல்ல. கைடு வேணாம்னு சொன்னா வாக்குவாதம் பண்ணாதீங்க, அவர் எத்தனையோ பேரைக் கூட்டிட்டுப் போனவர், உங்க கண்ணையும் நடையையும் பாத்துதான் சொல்றார். ஸ்டெல்லா, கில்மன்ஸ் வரைக்கும் போனாலே பார்க்ல ஒரு சர்டிஃபிகேட் உண்டு, உஹுருவுக்கு வேற சர்டிஃபிகேட். பணம் திரும்ப வராது.

புக் பண்றப்ப கம்பெனிகிட்ட என்ன கேக்கணும்?

போர்ட்டருக்கு ஒரு நாள் கூலி எவ்ளோ குடுக்கறீங்க, ட்ரெக் முடிஞ்சு எத்தனை நாள்ல குடுக்கறீங்க. அவங்களுக்கு மூணு வேளை சாப்பாடு உண்டா, எங்க தூங்கறாங்க. ஆக்சிஜன் சிலிண்டர் கூட வருதா, கைடுக்கு முதலுதவி ட்ரெயினிங் இருக்கா, எத்தனை ட்ரெக்கருக்கு ஒரு கைடு. ஒருத்தர் முடியாம இறங்கினா கூட யார் இறங்குவாங்க, மத்தவங்க யாரோட ஏறுவாங்க. பார்க் கட்டணம், வரி எல்லாம் சொன்ன விலைல அடக்கமா. இதை எல்லாம் மெயில்ல கேளுங்க, அப்பதான் எழுத்துல இருக்கும். நல்ல கம்பெனி எல்லாத்துக்கும் அன்னைக்கே வரி வரியா பதில் போடுவாங்க. கூலி கேள்வியை மட்டும் தாண்டிட்டு ஸ்பெஷல் டிஸ்கவுண்ட் பத்தி பதில் வந்தா அடுத்த கம்பெனிக்கு மெயில் அனுப்புங்க.